கழுத்துச் சுரப்பியும் கைப்பிடி உப்பும்
(கோயமுத்தூர் ஜில்லா கிராமக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பிரசங்கம்)



உமிழ்நீர்ச் சுரப்பி தன் நீரை ஒரு குழாய் வழியே வாய்க்கு அனுப்புகின்றது. வேறு சில சுரப்பிகளுக்குக் குழாய் இல்லை. அவற்றின் சத்து நேரே இரத்தத்திற் கலந்து சரீரமெங்கும் செல்லும். இச்சத்துக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905ஆம் வருஷத்தில் லண்டனில் ஸ்டார்லிங் என்னும் பண்டிதர் வழங்கினார்.

அத்தகைய சுரப்பிகளுள் ஒன்று, குரல்வளைக்குச் சற்றுக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டு. உடற்சூடு, இருதயத் துடிப்பு, குழந்தையின் வளர்ச்சி, மூளையின் விருத்தி யாவும் இதன் சத்தைப் பொறுத்தவை. இச்சத்தை உண்டாக்க அயோடின் வேண்டும். ஒருவருடைய ஆயுள் முழுமைக்கும் தேவையானது ஒரு தேக்கரண்டி அளவுக்கு மேற்படாது. அதுவும் கிட்டாவிடில் சுரப்பி வீங்கிக் கழலையாகும். கர்ப்பிணிக்கு அது மிகவும் குறைந்தாலோ பிறக்கும் குழந்தை மந்தபுத்தியும் செவிட்டுத்தன்மையும் அடையலாம். கழலை கண்ணுக்குத் தெரியும். மூளையின் குறைவோ பிள்ளை பள்ளிக்கூடம் செல்லும்போதுதான் தெரியவரும். அப்போது அதை மீட்க மருந்தில்லை.

1956இல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் இமயத்தை அடுத்த காங்கிரா பள்ளத்தாக்கில் ஒரு சோதனை தொடங்கினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், வேறொரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கினர். சில வருஷங்களில் அயோடின் உப்பு உண்டவரிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் தோன்றிற்று.

“அது மலைநாட்டு வியாதி, நாம் உண்பது தூத்துக்குடிக் கடலுப்பாயிற்றே!” என்பீர்கள். கடலுப்பு விளையும்போது அயோடின் அதில் மிகச் சொற்பமாகவே தங்கும். பிற்காலப் பரிசோதனைகளில், நம் தேசத்தில் இக்குறைவு முற்றிலும் இல்லாத மாகாணம் ஒன்றேனும் காணப்படவில்லை.

ஆகவே நீங்கள் கைக்கொள்ள வேண்டியவை இவை:

1. அயோடின் கலந்தது என அச்சிட்ட உப்பையே வாங்குங்கள். உண்பதற்கு அயோடின் கலவாத உப்பை விற்பது 2006 முதல் தடுக்கப்பட்டுள்ளது. ஆயினும் மாட்டுக்கும் திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கும் செல்லும் உப்புக்கு அவ்விதி இல்லை. மலிவென்று கருதி அதைச் சோற்றுப் பானையில் இடாதீர்கள்.

2. கல்லுப்பை நீரிற் கழுவாதீர்கள். அயோடின் கரைந்து போகும்.

3. உப்பை மூடிய சாடியில், அடுப்பனலும் ஈரமும் படாமல் வையுங்கள்.

4. அயோடின் உப்பாயினும் அளவுக்கு மிஞ்சி உண்ணாதீர்கள். இரத்த அழுத்தம் மிகும்.

5. கழுத்தில் வீக்கங்கண்டால் சூடு போடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லா வீக்கமும் அயோடின் குறைவால் வருவதன்று.

6. சிசு எந்நேரமும் உறங்கி, அழாமல், பால் குடிக்கச் சோம்பினால், “சமர்த்துப் பிள்ளை” என்று மகிழ்ந்திராதீர்கள். தைராய்டு சுரவாமையும் காரணமாகலாம். பிறந்த சில தினங்களுக்குள் இரத்தத்தைச் சோதித்து, இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் அக்குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும்.

தாய்மார்களே, உங்கள் உப்புச் சாடியில்தான் வருங்காலப் பிள்ளைகளின் அறிவு இருக்கின்றது. இன்றே வீடு சென்று அதைத் திறந்து பாருங்கள்.