கடிதம் தங்கும் இடம்



திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்துவரும் தமிழர் பலர். அவர்களுடைய கணக்கறைகளிலும் இன்று கணிப்பொறி வந்து அமர்ந்துவிட்டது. ஒரு மேசையில் விண்டோஸ். அடுத்த மேசையில் லினக்ஸ். முதலாளியின் மகன் ஆசையோடு வாங்கிய மேக் ஒன்று மூலையில். இப்படிப் பலவகை இயந்திரங்கள் கலந்து இயங்கும் இடத்தில், மின்னஞ்சலுக்கு எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

பொதுவாக நாம் விலையைப் பார்க்கிறோம். திரையின் அழகைப் பார்க்கிறோம். முதலில் கேட்கவேண்டியதோ வேறொன்று: வந்த கடிதம் எங்கே தங்குகிறது?

பாப் என்னும் முறை, தபால் நிலையத்துப் பெட்டியில் கிடப்பவற்றை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வருவதை ஒக்கும். பெரும்பாலும் பெட்டி காலியாகிவிடும். கடிதங்கள் அந்த ஒரே கணிப்பொறியில் அடைபடும். நாமறிந்த ஒரு சிற்றலுவலகத்தில் அவ்வாறு அடைபட்ட ஐந்தாண்டுக் கடிதங்கள், வட்டு பழுதான ஒரே நாளில் மறைந்துபோயின. கொடுக்கல் வாங்கல் கடிதங்களோடு, ஊரிலிருந்து வந்த தாயாரின் கடிதங்களும் போயின. பின்னவற்றுக்கு நகல் ஏது?

1986-ஆம் ஆண்டில் மார்க் கிறிஸ்பின் வகுத்த ஐமாப் முறையில் கடிதம் வழங்கியிலேயே தங்கும். எந்த மேசையில் திறந்தாலும் அதே பெட்டி. ஒருவர் படித்தது, மறுமொழி எழுதியது யாவும் மற்றவருக்கும் தெரியும். கலப்பு வலையமைப்புக்கு இதுவே ஏற்றது என்பது நம் கருத்து.

அடுத்தது மென்பொருள். அவுட்லுக் வசதி மிக்கது. ஆனால் லினக்ஸில் நிறுவத்தக்க பதிப்பு அதற்கு இல்லை. எவலூஷன் லினக்ஸ் மேசைக்கே உரியது. 2004 டிசம்பரில் முதற்பதிப்பு கண்ட தண்டர்பேர்டு மூன்று வகை இயந்திரங்களிலும் இயங்கும். கடிதங்களை எவரும் திறந்து படிக்கத்தக்க எளிய உரைக்கோப்பாகவே சேமிக்கும். 2012-இல் மொசில்லா நிறுவனம் அதன் வளர்ச்சிப் பணியைக் குறைத்துக்கொண்டபோதும், மூலநிரல் பொதுவில் இருந்தமையால் ஆர்வலர்கள் அதைக் கைவிடவில்லை.

இந்நகரத்துக்கு இவ்விஷயம் புதிதன்று. 2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் வருகைதந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றது இங்கேதான். பின்னர்க் கேரளப் பள்ளிகள் லினக்ஸை மேற்கொண்டன. ஆகவே அதில் பழகிய இளைஞரைக் கடைக்கு அமர்த்துவது இங்கே கடினமன்று.

மாறுகிறவர்கள் அவசரப்படலாகாது. பழைய மென்பொருளிலேயே ஐமாப் கணக்கொன்றைத் திறந்து, பழங்கடிதங்களை அதன் அடைவுகளுக்கு நகலெடுக்கவேண்டும். பிறகு புதிய மென்பொருளில் அவை தாமே தோன்றும். ஒருங்குறி வழக்குக்கு வருமுன் தனி எழுத்துருக்களில் எழுதப்பட்ட தமிழ்க் கடிதங்கள் மட்டும் பொருளற்ற குறிகளாகத் தெரியக்கூடும். அவற்றை மாற்றிக் கொடுக்கும் கருவிகள் உண்டு.

ஐமாப்பிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு மேசையில் அழித்த கடிதம் எல்லா மேசைகளிலும் அழிந்துவிடும். ஆதலால் வாரம் ஒரு முறை தனி வட்டொன்றில் நகல் எடுத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது நலம்.