உணர்விழந்த கையும் தோலின் வெம்மையும்

குட்டநோய் என்றதும் விரல்கள் அழுகி உதிரும் காட்சியே பலர் மனக்கண்ணில் எழுகின்றது. விரல் குறைவது மெய். ஆனால் அதற்குக் காரணம் தசை அழுகுதலன்று. இதனை எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர், கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலச் சத்திரவைத்தியர் போல் பிராண்ட். அவர் 1946 இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார்.

குட்டநோய்க் கிருமிக்கு உகந்தது குளிர்ச்சி. உடலின் உள்வெம்மை 37 பாகை சென்ரிகிரேட். கிருமி செழிப்பதோ 30 பாகையை அண்டிய வெம்மையில். ஆதலால் மூக்கு, காதுமடல், தோலுக்கு அண்மையில் ஓடும் நரம்புகள் என்பனவற்றையே அது நாடுகின்றது. முழங்கை இடிபட்டால் விரல்நுனிவரை விறுவிறுக்கச் செய்யும் நரம்பு அவற்றுள் ஒன்று. அது பழுதுற்றால் சுண்டுவிரற் பக்கம் உணர்ச்சி அகலும். கையின் சிறு தசைகள் மெலியும். விரல்கள் கொக்கிபோல் மடங்கும். முன்கைத் தசைகளோ பெரும்பாலும் வலிமை குன்றுவதில்லை.

அவ்வலிய தசைகளுள் ஒன்றின் நாணை இடம் மாற்றி விரல்களிற் பொருத்தினார் பிராண்ட். பின்னர் வாரக்கணக்கான பயிற்சி. ஒரு தொழில் செய்து பழகிய தசை வேறொரு தொழிலைக் கற்கவேண்டும். தோல் செய்தி சொல்லாமையால் கண்ணே அதற்கு ஆசான்.

விரல்கள் நிமிர்ந்தன. நிமிர்ந்த விரலைக் கண்டோர் பிச்சையிடத் தயங்கினர்; நோயாளர் என்றறிந்தோர் வேலை கொடுக்க மறுத்தனர். ஆகவே நவஜீவ நிலையம் என்னும் தொழிற்பயிற்சி மனை எழுந்தது. தச்சுவேலையும் விளையாட்டுப் பொருள் செய்தலும் அங்கே கற்பிக்கப்பட்டன. அரும்பாடுபட்டுத் திருத்திய கைகளில் அங்கேதான் புண்கள் தோன்றலாயின.

துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க வைத்தியர் தடுமாற, நோயாளச் சிறுவன் ஒருவன் எளிதாகத் திறந்துவிட்டான். திறவுகோல் அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. அவன் அதை அறியவேயில்லை. உறங்குவோரின் விரலை எலி கடித்ததும் கண்டறியப்பட்டது. அதற்கு வழங்கப்பட்ட மருந்து, ஆளுக்கொரு பூனை!

வெட்டும் கடியும் கண்ணுக்குத் தெரிவன. தெரியாத பகை ஒன்றும் உண்டு. 1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் வைத்தியசாலைக்குச் சென்ற பிராண்டும் அவர் குழுவினரும் அதனை ஆராய்ந்தனர். சிறிய அழுத்தமாயினும் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழுந்தால் அவ்விடம் அழன்று சூடேறும். புண் வெடிப்பது அதன் பின்னரே. நலமுள்ளவன் கால் நொந்ததும் நடையை மாற்றிக்கொள்வான். உணர்விழந்தவன் மாற்றான். ஆனால் நோவு சொல்லாததைத் தோலின் வெம்மை சொல்லிவிடும்.

வெம்மையைப் படமாக்கும் கருவிகள் உள. எனினும் நாள்தோறும் புறங்கையை வைத்து, ஒரு பாதத்தின் சூட்டை மற்றப் பாதத்தின் அதே இடத்தோடு ஒப்பிடுவது எவர்க்கும் இயலும். புறங்கையும் உணர்விழந்திருந்தால் வீட்டிலுள்ள மற்றொருவர் தொட்டுப் பார்க்கலாம்.

நீரிழிவினாற் பாத உணர்ச்சி இழந்தோருக்கும் இதே முறை இன்று பயன்படுகின்றது. இரு பாதங்களுக்கும் ஒத்த இடங்களில் 2.2 பாகைக்கு மேற்பட்ட வேறுபாடு நீடித்தால், அது எச்சரிக்கையாகக் கொள்ளப்படும். வைத்தியரை நாடுவதோடு, இரண்டும் ஒரே வெம்மைக்கு வரும்வரை நடையைக் குறைத்து அப்பாதத்துக்கு ஓய்வு கொடுத்தல் வேண்டும்.