கேட்டால்தான் தமிழ்ப் புத்தகம் வரும்
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஊரில் எங்களுக்குச் சந்திக்குச் சந்தி வாசிகசாலை இருந்தது. நோர்வேயில் எவ்வளவு சின்னக் கொம்யூன் என்றாலும் பொது நூலகம் இருக்கவேண்டும் என்கிறது 1985ஆம் ஆண்டுச் சட்டம். இரவலுக்குக் காசில்லை. மேற்குக் கரையில் ஒதுங்கிக் கிடந்த கிராமங்களுக்கு 1963இல் கட்டிய 'ஏப்பொஸ்' கப்பல் புத்தகம் ஏற்றிக்கொண்டு போனது. பிள்ளைகளுக்குக் கலைநிகழ்ச்சியும் நடந்தது. அரச உதவி நின்றதும் 2020இல் அதுவும் நின்றது.

இப்ப விசயத்துக்கு வாறன். ஒஸ்லோவில் தேசிய நூலகத்தின் கீழ் பன்மொழி நூலகம் இருக்கிறது. அங்கே தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. எங்கட ஊர் நூலகத்தில் சொன்னால் எடுத்துத் தருவினம். ஆனால் நாங்கள் கேட்கவேண்டும். மீன் தொழிற்சாலை வேலை, களைப்பு என்று நானும் கனகாலம் சாட்டுச் சொன்னனான். மகள் "அப்பா, இது என்ன எழுத்து?" என்று கேட்ட அன்றுதான் நூலகப் படியேறினேன்.

1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது அழுத சனம் நாங்கள். இங்கே திறந்திருக்கிற கதவுக்குள் போகாமல் இருக்கலாமோ? இந்த வருசம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு தமிழ்ப் புத்தகம் கேளுங்கோ.