ஆர்ஜவமும் விண்ணப்பப் படிவமும்

(தசலட்சணப் பர்வத்தின் மூன்றாம் நாள் ஆற்றிய உரை)



உத்தம க்ஷமையையும் உத்தம மார்தவத்தையும் சிந்தித்த நாம், இன்று உத்தம ஆர்ஜவத்திற்கு வந்திருக்கிறோம். மனம், மொழி, மெய் மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதே ஆர்ஜவம். அதற்குப் பகை மாயை. நம் ஆகமத்தில் மாயை என்பது உலகம் பொய்த்தோற்றம் என்னும் பொருளுடையதன்று; குரோதம், மானம், லோபம் ஆகியவற்றோடு எண்ணப்படும் கஷாயம் அது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டும் வஞ்சனையே மாயை. இந்த மாயை விலங்குப் பிறவிக்கு வித்தாகும் என்று தத்துவார்த்த சூத்திரம் எச்சரிக்கிறது.

வஞ்சனை என்றால் வணிகத்தில் எடை குறைப்பதும் பத்திரத்தில் பொய்க் கையெழுத்து இடுவதும் நம் நினைவுக்கு வருகின்றன. நல்ல குடும்பங்களில், பிள்ளைகள் மீதுள்ள அன்பின் பெயராலேயே மாயை நுழையும் ஓரிடத்தை இன்று எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

நம் பேரப்பிள்ளைகளில் சிலர் அமெரிக்காவில் வளர்கிறார்கள். அந்நாட்டில் மருத்துவமும் சட்டமும் பெரும்பாலும் பட்டப்படிப்பை முடித்த பின்னரே பயிலப்படுகின்றன. ஒரு மாணவனை எண்ணிக்கொள்வோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நண்பனின் ஆய்வகக் குறிப்பைப் பார்த்து எழுதிவிட்டான். கல்லூரி விசாரித்தது, அந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைத்து எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அதன்பின் அவன் ஒழுங்காகப் படித்தான். இப்போது மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறான்.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் பொது விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. படிப்பில் குறைபாட்டிற்காகவோ நடத்தை மீறலுக்காகவோ உன் மீது கல்லூரி எப்போதேனும் நடவடிக்கை எடுத்ததா என்று அது கேட்கிறது. அந்த நடவடிக்கையால் படிப்பு தடைப்படாவிட்டாலும், மதிப்பெண் சான்றிதழில் அது இடம்பெறாவிட்டாலும், பின்னர் நீக்கப்பட்டிருந்தாலும் 'ஆம்' என்றே எழுத வேண்டும் என்றும் அங்கே தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. விளக்கம் எழுத இடைவெளி உட்பட 1,325 எழுத்துகளுக்கு இடம் தருகிறார்கள்.

வீட்டில் பேச்சு தொடங்குகிறது. "சான்றிதழில் இல்லாததை நாமே ஏன் சொல்ல வேண்டும்?" என்கிறார் தந்தை. "சின்ன வயதுத் தவறு, அதற்குத்தான் தண்டனை கொடுத்துவிட்டார்களே" என்கிறார் பாட்டி. இவர்கள் தீயவர்கள் அல்லர். பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி அஞ்சுகிறவர்கள். ஆயினும் அந்த அச்சம், பரிகாரம் தேடி முடித்துவிட்ட ஒரு பழைய பிழையின் மேல் புதிய மாயையை ஏற்றுகிறது. பார்த்து எழுதியது பத்தொன்பது வயதுப் பிள்ளையின் ஒரு நாள் சபலம். 'இல்லை' என்று எழுதுவதோ குடும்பமே கூடி நிதானமாகச் செய்யும் செயல்.

பிழையைச் சொல்வதற்கு நம் முன்னோர் ஒரு முறையையே வகுத்திருக்கிறார்கள். பிராயச்சித்தங்களுள் முதலாவது ஆலோசனை. வழக்குத் தமிழில் அதற்கு யோசனை கூறுதல் என்று பொருள். ஆகமத்திலோ குருவின் முன் தன் குற்றத்தை மறைக்காமல் சொல்லுதல் என்று பொருள். ஆலோசனையில் நேரக்கூடிய பத்துக் குற்றங்களைச் சிவாரியரின் பகவதி ஆராதனை எண்ணிக் காட்டுகிறது. அவற்றுள் சில இந்த 1,325 எழுத்துகளுக்கென்றே சொல்லப்பட்டவை போலத் தோன்றுகின்றன.

பிறர் கண்ட குற்றத்தை மட்டும் சொல்லி, காணாததை மறைப்பது ஒரு குற்றம். சான்றிதழில் இருந்தால் சொல்லுவோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம் என்பது இதுவே. பெரியதை மறைத்துச் சிறியதை மட்டும் சொல்வது மற்றொன்று. 'பார்த்து எழுதினேன்' என்பதை 'மேற்கோள் குறிக்க மறந்தேன்' என்று மாற்றி எழுதுவது இவ்வகையைச் சேர்ந்தது. தன் பலவீனத்தைக் காட்டி, தண்டனை இலேசாகும்படி முன்கூட்டியே இரக்கம் தேடுவதும் குற்றமே. உடல்நலமில்லை, ஆசிரியர் கடுமையானவர், நண்பன்தான் கொடுத்தான் என்று அடுக்கும் விளக்கத்தில் ஆலோசனை இல்லை, வழக்காடுதலே இருக்கிறது.

சட்டத் துறையில் இச்சோதனை இன்னும் நீள்கிறது. சட்டக் கல்லூரியில் சேரும்போது ஒரு முறையும், வழக்கறிஞராகப் பதிவு பெறும்போது மறுமுறையும் நடத்தையைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டு பதில்களையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் கூடும். ஸ்டீபன் கிளாஸ் என்னும் பத்திரிகையாளர் கற்பனைச் செய்திகளை உண்மைபோல் எழுதியதற்காக 1998இல் 'தி நியூ ரிபப்ளிக்' இதழிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் சட்டப் படிப்பை முடித்தார். 2014 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவரை வழக்கறிஞராக ஏற்க ஒருமனதாக மறுத்தது. பழைய பொய்களோடு, முன்பு நியூயார்க்கில் விண்ணப்பித்தபோது தம் பொய்ச் செய்திகளின் முழுப் பட்டியலைத் தராததையும் நீதிமன்றம் குறையாகச் சுட்டியது. அவர் பிழை நம் மாணவனின் பிழையைவிட மிகப் பெரியது. ஆனால் பாதி சொல்லி நிறுத்துவதால் வரும் கேடு இருவருக்கும் ஒன்றுதான்.

ஆகவே இளைஞர்களுக்குச் சில சொல்கிறேன். முதலில் கேள்வியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டதற்கு முழுமையாக விடை தருவது ஆர்ஜவம். கேளாததையெல்லாம் அச்சத்தால் கொட்ட வேண்டும் என்று அறம் கூறவில்லை. அடுத்து, உங்கள் கல்லூரியில் உள்ள பதிவை வாங்கிப் பாருங்கள். தன் கல்விப் பதிவுகளைப் பார்வையிட மாணவனுக்கு 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் உரிமை தருகிறது. நினைவை நம்பி எழுதினால், வஞ்சிக்கும் எண்ணம் இல்லாமலேயே பதிவுக்கு மாறாக எழுத நேரிடும். பிறகு என்ன செய்தேன், என்ன தண்டனை பெற்றேன், அதன்பின் எப்படி நடந்துகொண்டேன் என்ற மூன்றையும் எளிய சொற்களில் எழுதுங்கள். விண்ணப்பித்த பின் புதிதாக ஏதேனும் நேர்ந்தால் அதையும் தெரிவியுங்கள்.

உண்மையைச் சொன்னால் இடம் கிடைத்துவிடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். சில கல்லூரிகள் மறுக்கலாம். ஓராண்டு காத்திருக்க நேரிடலாம். அந்த இழப்பு உண்மையானது. ஆனால் மறைத்துப் பெற்ற இடத்தில் அமர்ந்தவன், படிக்கும் ஆண்டுகளிலும் தொழில் செய்யும் ஆண்டுகளிலும் ஒரு கடிதத்திற்கு அஞ்சியே வாழ வேண்டும். நாளை நோயாளிக்குத் தவறான மருந்து கொடுத்துவிட்டால், அதை உடனே சொல்லும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வரும்? உயிரைக் காக்கும் தொழிலில் மறைத்தல் உயிர்க்கொலைக்கும் இட்டுச்செல்லும். அஹிம்சைக்கு ஆர்ஜவம் வேலி என்பதன் பொருள் இதுவே.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தன் பிழையை முதலில் சொல்வது உங்களிடம்தான். அவன் சொல்லும்போது குடும்ப மானத்தைப் பேசாதீர்கள். மறைக்க வழியும் காட்டாதீர்கள். முழுவதையும் கேளுங்கள். பிறகு, "எழுது; விளைவு எதுவாயினும் நாங்கள் உன்னோடு இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் இருந்தால் பிள்ளையின் கை நடுங்காது.

உத்தம ஆர்ஜவம் நம் இல்லங்களில் நிலைபெறுவதாக. ஜெய் ஜினேந்திரா.