கம்பம் சாய்ந்த பின்னும் பேசுக

(பாளையம்பட்டியில் நடைபெற்ற தமிழ்மன்றக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

தறிக்கொட்டகையிலிருந்தும் கரிசற்காட்டிலிருந்தும் நாள்வேலை முடித்து வந்து அமர்ந்திருக்கும் உழைப்பாளர்களே! இளந்தமிழர்களே!

‘இடர்க்காலமும் கைவானொலியும்’ என்னும் தலைப்பைக் கண்டு, இலக்கணம் நடத்துபவர்க்கு மின்னலையில் என்ன வேலை என்று சிலர் வியந்திருக்கலாம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் கருப்பொருள் வகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் வைத்தார். உண்பதற்கு உணவு எவ்வளவு இன்றியமையாததோ, ஊர்க்குச் செய்தி சொல்லும் கருவியும் அவ்வளவு இன்றியமையாதது என்று கண்ட இனம் நம் இனம். பறை இருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது? சட்டைப்பையில் செல்பேசி இருக்கிறது. அது வாய்மூடும் நாளில் நம்மிடம் என்ன இருக்கும்? இதுவே இன்றைய வினா.

செல்பேசி இயங்கும் வகையை முதலில் அறிவோம். மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்குப் பேசினாலும் உங்கள் குரல் நேரே அங்குச் செல்வதில்லை. அருகிலுள்ள அலைக்கோபுரத்துக்குச் சென்று, அங்கிருந்து கண்ணாடியிழை வழியாகவோ நுண்ணலை வழியாகவோ தொலைநகரத்து இணைப்பகம் போய், மீண்டு வந்தே கீழத்தெருவை அடைகிறது. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். அது நின்றால் மின்கலம் சில மணிநேரம் தாங்கும். பிறகு மின்னாக்கிக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் கொணர வழி வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கூப்பிடு தொலைவில் உள்ளவனும் அயல்நாட்டான் ஆகிவிடுகிறான். ஆயிரம் பேர் கையில் ஆயிரம் கருவி இருக்கும். ஆனால் ஊர் ஊமையாய் இருக்கும்.

இது கற்பனையன்று. 1964 திசம்பர் 22ஆம் நாள் இரவு தனுக்கோடியைப் புயல் விழுங்கியபோது, நம் அருப்புக்கோட்டையும் தனுக்கோடியும் ஒரே இராமநாதபுர மாவட்டத்தில் இருந்தன. பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டியைக் கடல் வாரிக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தந்திக் கம்பிகள் அறுந்துபோனமையால் அப்பெருந்துயரம் உடனே வெளியுலகை எட்டவில்லை.

அது பழங்கதை என்பீராயின், 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களை எண்ணுக. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்றிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஏறத்தாழ எண்ணூறு பேருடன் திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஒரு பகுதியினர் பள்ளியொன்றுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். எஞ்சியோர் 19ஆம் நாளே மீட்கப்பட்டனர். சாலை அறுந்தது, மின்சாரம் நின்றது, செல்பேசித் தொடர்பும் சிதைந்தது. அருகிலிருந்த ஊர்மக்கள் சோறாக்கிக் கொடுத்து அவர்களைக் காத்தனர். திருவைகுண்டம் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவே என்பதை மறவாதீர்.

“நம் நாடு வானம் பார்த்த நாடாயிற்றே, ஐயா! குடிக்க நீரில்லாத திருச்சுழிப் பக்கத்துக்கு வெள்ளத்தைச் சொல்லி அச்சுறுத்துகிறீரே” என்று ஒரு பெரியவர் கேட்கக்கூடும். வறண்ட நிலத்துக்குத்தான் இரட்டை இடர். பல்லாண்டு நிரம்பாத கண்மாயின் கரையில் கருவேலம் வேரோடிக் கிடக்கும், கலிங்கு தூர்ந்திருக்கும், ஓர் இரவுப் பெருமழைக்கு அக்கரை தாங்குமா என்று எவர் சொல்லவல்லார்? அன்றியும், வெடித்தொழில் மிக்க மாவட்டம் நம்முடையது. 2024 மே முதல் நாள் காரியாபட்டி ஆவியூர்ப் பக்கத்துக் கல்லுடைப்புக் களத்தில் வெடிமருந்து வெடித்து உயிர் குடித்ததே! கரை உடைப்பு, தீ, இடி, நள்ளிரவு நோய் ஆகிய இவற்றுக்கெல்லாம் முதல் மருந்து, உரியவர்க்கு உரிய நேரத்தில் போய்ச் சேரும் ஒரு சொல்லே.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2004 திசம்பர் 26ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் சுமத்திராவை ஒட்டிக் கடலடி நிலம் நடுங்கியது. தமிழகக் கரையை ஆழிப்பேரலை வந்து தாக்க இரண்டு மணிநேரத்துக்கு மேலாயிற்று. ஆயினும் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். இரண்டு மணிநேரம் இருந்தது. சொல்ல வாய் இல்லை. அதே காலையில் புதுச்சேரி நல்லவாடு என்னும் மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்ப்பிள்ளை ஒருவர் தொலைபேசி வழியே எச்சரிக்கை தந்தார். ஊராருள் சிலர் அச்செய்தியைத் தம்முள் வைத்துக்கொள்ளவில்லை. ஊரின் அறிவு மையத்தில் இருந்த ஒலிபெருக்கியில் உடனே முழங்கினர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வீட்டை விட்டு ஓடித் தப்பினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன, ஊர் பிழைத்தது. செய்தி ஊருக்கு வந்தால் மட்டும் போதாது, வந்த செய்தி கடைசிக் குடிசை வரை போக வேண்டும் என்பதே நல்லவாடு கற்பிக்கும் பாடம்.

அந்நாளிலேயே அந்தமானில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். ‘ஆம் வானொலி’ என்று பிறர் வழங்கும் தன்னார்வ வானொலியில் தேர்ந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, ஐதராபாத்து வானொலி நிறுவனத்தின் குழுவோடு அப்போது போர்ட்டு பிளேரில் தங்கி உலக வானொலியன்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார். தீவுகளின் தொடர்பு அறுந்ததும் தம் நிலையத்தை அப்படியே இடர்நிலையமாக மாற்றினார். தீவில் உள்ளோர் உயிரோடிருக்கின்றனர் என்னும் செய்தி, பெருநிலத்தில் ஏங்கியிருந்த உறவினர்க்கு அவர் குழுவின் வழியே சென்றது. கோபுரமும் இணைப்பகமும் இன்றி, ஒரு பெட்டியும் ஒரு கம்பியும் ஒரு மின்கலமும் கொண்டு செய்த பணி அது!

ஆனால், கருவி கைக்கு வந்தாலே காவல் வந்துவிடாது. 1912 ஏப்பிரல் 15ஆம் நாள் நள்ளிரவில் டைட்டானிக்கு மூழ்கியபோது, கலிபோர்னியன் என்னும் கப்பல் அதற்கு அருகில் நின்றது. அதில் வானொலி இருந்தது. வானொலியர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போயிருந்தார். தொலைவில் இருந்த கார்ப்பேத்தியாவே கூக்குரல் கேட்டு விரைந்து எழுநூறு பேரை மீட்டது. கேட்கும் செவி இல்லாத இடத்தில் கத்தும் வாயால் பயன் என்ன? நம் கடலிலும் 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயலில் கண்டோம். பல நாள் முன்பே ஆழ்கடல் சென்றிருந்த குமரி மீனவரிடம் இருந்த கைவானொலி சில பத்துக் கிலோமீட்டரே எட்டும்; அவர்களோ கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில். எச்சரிக்கை கரையிலேயே நின்றது. அதன் பின்னரே செயற்கைக்கோள் வழிச் செய்திக்கருவிகள் படகுகளில் ஏறின. கருவியின் எல்லை அறியாதவன் கருவியை நம்பிக் கெடுவான்.

ஆகலின் எல்லையைச் சொல்கிறேன். கடைத்தெருவில் ‘வாக்கி டாக்கி’ என்று விற்கும் கைவானொலிகள் ஒன்றோடொன்று நேரே பேசுவன. அவற்றின் அலை ஏறத்தாழப் பார்வைக்கோட்டில் செல்லும். சமநிலத்தில் நின்று பேசும் இருவர்க்கிடையே நிலவுருண்டையின் வளைவு தரும் எல்லை பத்துக் கிலோமீட்டர். வீடும் மரமும் குறுக்கிட்டால் அது இரண்டு மூன்றாகச் சுருங்கும். கருவி சிற்றாற்றலுடையதாயின் இன்னும் குறையும். பெட்டியின் மேல் இருபத்தைந்து என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். ஒருவர் 16 மீட்டர் உயரமுள்ள மாடியில் ஏறிநின்றால் அவ்வளைவெல்லை இருபது கிலோமீட்டராக விரியும். உயரமே இங்கு ஆற்றல்.

சட்டத்தையும் சொல்லவேண்டும். 446.0 முதல் 446.2 மெகா எர்ட்சு வரை இயங்கும் சிற்றாற்றல் கைவானொலிகளுக்குத் தனி உரிமம் வேண்டா. ஆயினும் கருவி ஒப்புதல் பெற்ற வகையாதல் வேண்டும். வேறு அலைவரிசையில் பேசும் மலிவுக் கருவியை வாங்கிக் காவல்துறை அலையிலோ வானூர்தி அலையிலோ குறுக்கிட்டால் அது குற்றம். ஒருவேளை ஓர் உயிர்க்கே கேடு. தொலைதூரம் பேச விரும்பும் இளைஞர் தன்னார்வ வானொலித் தேர்வு எழுதி ஒன்றிய அரசின் உரிமம் பெறுக. பன்னிரண்டு அகவை நிறைந்தோர் அதனை எழுதலாம். 7 மெகா எர்ட்சு அளவிலான அலை வானின் மின்னூட்ட அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். ஊருக்கு ஒருவர் அத்தேர்வில் வென்றால், ஊர் முழுதும் தீவானாலும் தனித்தீவு ஆகாது.

இனித் தமிழாசிரியனுக்கே உரிய இடத்துக்கு வருகிறேன். வானொலியில் பேச்சொலியின் நடுப்பகுதி மட்டுமே செல்லும், மேலொலி அறுபடும். ஆகவே ஒத்த ஒலிகள் மயங்கும். ஒன்பது என்றால் ஐம்பது என்று கேட்கும், எழுபது எண்பதாகும். “ஆறு” என்றால் எண்ணா, நீரோடும் ஆறா? “மழை” என்றாரா, “மடை” என்றாரா? நம் பக்கத்தில் ழகரம் ளகரமாய்த் தேய்ந்து கிடக்கிறது. அமைதியான திண்ணையில் அது பிழை, இடர்க்காலத்து அலையிலோ அது பேரிழப்பு. உயிர்காக்கும் சொல்லுக்கு ஒலித்திருத்தம் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக எவ்விலக்கண நூல் சொல்லும்?

வெள்ளையர் மொழிக்கு இக்குறை உண்டென்று கண்டே உலக அமைப்புகள் எழுத்துக்கொரு சொல்லாக ஒரு பட்டியலை 1956இல் நடைமுறைப்படுத்தின. நாமும் நமக்கு ஆக்கிக்கொள்வோம். ‘கல் ல’, ‘பள்ளி ள’, ‘தமிழ் ழ’. ‘மரம் ர’, ‘பறை ற’. ‘கண் ண’, ‘நண்டு ந’, ‘மன்றம் ன’ என்று சொன்னால் மயக்கம் தீரும். எண்ணைத் தனித்தனி இலக்கமாகச் சொல்க: ஐம்பது எனாது, “ஐந்து, சுழி” என்க. பேசி முடித்து மற்றவர்க்கு இடம் விடும்போது “பேசுக”. செய்தி கிட்டியதும் “கேட்டேன்”. உரையாடலை முடிக்கையில் “நிறைவு”. உயிர்க்கு இடர் என்றால் “இடர், இடர், இடர்” என்று மும்முறை. தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒருசேர விளங்கும் சொல்லே இடர்க்காலச் சொல். பதற்றத்தில் நாவில் வருவது தாய்மொழி ஒன்றுதான். ஆனால் கடலிலும் வானிலும் ‘மேடே’ என்னும் உலகப் பொதுக்குறியை மாற்றலாகாது. அது பல நாட்டார் செவிசாய்க்கும் இடம். அக்குறியும் ‘எனக்கு உதவுக’ என்னும் பிரஞ்சுத் தொடரிலிருந்து பிறந்ததே; பிறர் தம் மொழியிலிருந்து ஆக்கியதுபோல் நம் ஊர்க்கு நாம் ஆக்குவதில் என்ன தடை?

செய்யவேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வேன். ஒன்று: ஒப்புதல் பெற்ற கைவானொலி சிலவற்றை ஊர்ப்பொதுவில் வாங்குக. இரண்டு: அவை பெரிய வீட்டுப் பேழையில் பூட்டப்படலாகாது. ஒன்று கண்மாய்க் கரையை ஒட்டிய கடைசித் தெருவிலும், ஒன்று ஊர் ஒதுக்கி வைத்த குடியிருப்பிலும் இருந்தே ஆகவேண்டும். வெள்ளம் முதலில் புகும் வாயிலில் இருப்பவன் கையில்தான் முதற்கருவி இருக்கவேண்டும். மூன்று: பெண்டிர்க்கும் பயிற்சி தருக, பகலில் ஆடவர் வெளியூர் வேலைக்குப் போனபின் ஊரில் இருப்போர் அவர்களே. நான்கு: மாதம் ஒருமுறை மின்னேற்றிப் பேசிப் பழகுக, சிறு கதிரவத் தகடு ஒன்றும் வைத்திருங்கள். ஐந்து: இடர்நாளில் ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமையம் எல்லாக் கருவியும் கேட்டிருக்க, எஞ்சிய நேரம் அணைத்து வைத்தால் மின்கலம் பல நாள் வரும். முற்காலத்தில் கப்பல்கள் ஒவ்வொரு மணியிலும் இருமுறை, மும்மூன்று நிமையம் வாய்மூடி இடர்க்குரலுக்குச் செவிசாய்த்த வழக்கமும் இத்தகையதே. ஆறு: வெடிமருந்துக் கிடங்கருகில் கைவானொலியை இயக்காதீர். ஏழு: செல்பேசி இயங்கும் வரை 112, 1077, 1070 ஆகிய எண்களையே முதலில் அழைக்க, கைவானொலி அவற்றுக்கு மாற்றன்று, அவை ஓய்ந்தபின் துணை.

அரசு வாராது என்று சொல்ல நான் வரவில்லை. அரசு வரும், வந்து சேரும்வரை உள்ள ஓரிரவு நம்முடையது. அவ்வோரிரவைத் தாங்க அறியாத ஊர், தன்மானம் பேசித் தலைநிமிர்தல் எவ்வாறு? பிறர் கை நோக்கா வாழ்வு என்பது மேடைச் சொல்லன்று. மின்னேற்றி வைத்த ஒரு மின்கலம், திருத்தமாய் ஒலித்த ஒரு ழகரம், விழித்திருக்கும் ஒரு செவி. இம்மூன்றையும் வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் நம் ஊர் பெறட்டும்.

இங்கு வந்துள்ள இளைஞருள் தேர்வெழுத விரும்புவோர் கூட்ட முடிவில் என்னிடம் பெயர் தருக. ஞாயிறுதோறும் மாலையில் பள்ளித் திண்ணையில் எழுத்தொலிப் பயிற்சியைத் தொடங்குவோம். நிறைவு, இனி நீங்கள் பேசுக!