காற்றுப் பையும் ஆசனப் பட்டியும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புதிதாக ஒரு கார் வாங்கினால் நம்மவர் முதலிற் செய்வது யாது? கோயில் வாசலுக்குக் கொண்டுசென்று பூசை செய்வித்து, சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்த பின்னரே ஓட்டத் தொடங்குகிறோம். அது நல்ல வழக்கமே. அதனைக் குறைகூற நாம் எழுந்து நிற்கவில்லை. ஆனால் அதே காரின் சுக்கானுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் காற்றுப் பையைப் பற்றி நமக்கு எவரும் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

1952ஆம் ஆண்டு ஜோன் ஹெற்றிக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், மனைவியோடும் ஏழு வயது மகளோடும் காரிற் சென்றார். வீதியிற் கிடந்த கல்லுக்கு விலத்தப் போய்க் கார் பள்ளத்தில் இறங்கியது. அக்கணமே தாயும் தந்தையும் தம்மை அறியாமற் கைநீட்டி மகளைத் தடுத்தனர். பஸ்ஸில் பிறேக் போட்டால் நம் தாய்மாரும் இதைத்தானே செய்கின்றனர்! அந்தக் கையின் வேலையை ஒரு கருவி செய்யலாகாதா என்று அவர் எண்ணினார். அவர் யுத்த காலத்திற் கடற்படையிற் பணிசெய்தவர். அமுக்கிய காற்றால் இயங்கும் டோர்ப்பிடோ ஒன்றைத் திருத்தியபோது, அதன் கன்வஸ் உறை திடீரென ஊதி மேலே பாய்ந்தது அவர் நினைவுக்கு வந்தது. 1953 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார். அதே யுத்தத்திற் கடற்படைத் தளமாயிருந்த துறைமுகத்தைச் சூழ வாழும் நமக்கு இச்செய்தி சுவையானதே.

மிஷன் பாடசாலையில் நியூற்றனின் விதிகளை மனனம் செய்தோம். அவற்றின் பொருள் விளங்கியது ஜெற்றியிலேதான். அங்கே பழைய ரயர்களைத் தொங்கவிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். படகு வந்து முட்டும்போது ரயர் அமுங்குகிறது. படகு நிற்பதற்குச் சற்று அதிக நேரம் கிடைக்கிறது. அதனால் அடியின் வலு குறைகிறது. காற்றுப் பையும் அவ்வாறே. கார் மோதியதும் உணர்கருவி ஒன்று அதனை அறிந்து, வாயு உண்டாக்கும் கருவிக்கு மின்சைகை அனுப்புகிறது. ஒரு செக்கனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரத்திற் பை விரிகிறது. நாம் கண்ணிமைப்பதற்கும் இதனிலும் கூடிய நேரம் வேண்டும். தலையும் மார்பும் அதில் அமுங்க, பையிலுள்ள துவாரங்கள் வழியே வாயு வெளியேறி உடலை மெல்ல நிறுத்துகிறது.

நிற்க. சுக்கானின் நடுவே எஸ்.ஆர்.எஸ். என்று பொறித்திருப்பதைப் பாருங்கள். அதன் முதலெழுத்துக்குப் பொருள் 'துணையான' என்பதாகும். எதற்குத் துணை? ஆசனப் பட்டிக்கு! பட்டியே முதற்காவல். பட்டி அணியாதவர் பிறேக் போட்டதுமே முன்னே சரிந்து, வெடித்து விரியும் பையின் முகத்திலேயே போய் விழுகின்றார். அமெரிக்காவில் காற்றுப் பைகள் 2017 வரை 50,000க்கு மேற்பட்ட உயிர்களைக் காத்தன என்பது அரசாங்கக் கணிப்பு. அதே நாட்டில் 1990 முதல் 2008 வரை, குறைந்த வேக மோதல்களில், பை விரிந்த வேகத்தினாலேயே 290க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பட்டியைச் சரியாக அணியாதவர்கள். பின்னாசனத்தவருக்கும் இது பொருந்தும். 2022 செப்ரெம்பர் 4ஆந் திகதி மும்பைக்கு வடக்கே நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலையுயர்ந்த கார், பைகளுக்குக் குறைவில்லை. பின்னாசனத்திலிருந்த அவரும் நண்பரும் பட்டி அணிந்திருக்கவில்லை எனப் பொலிசார் கூறினர்.

இனி நம்மூர் வழக்கங்களைப் பார்ப்போம். நம் உறவினர் ஒருவர், காரின் எச்சரிக்கை மணி காதைக் குடைகிறதென்று பட்டியை முதுகுக்குப் பின்னாற் கொளுவிவிட்டுக் கந்தளாய் வரை ஓட்டுவார். அருகிருந்த நாமும் பெரியவரிடம் எப்படிச் சொல்வதென்று வாய்மூடியிருந்தோம். அந்த மௌனத்துக்கு இன்று வெட்கப்படுகிறோம். இவ்வுரைக்கு அதுவே காரணம்.

பேரப்பிள்ளையை மடியில் வைத்து முன்னாசனத்தில் இருப்பது அன்பென்று எண்ணுகிறோம். பை விரிந்தால் அந்த அடியை முதலில் வாங்குவது குழந்தையே. பன்னிரண்டு வயது வரை பிள்ளைகள் பின்னாசனத்திற் பட்டியோடு இருக்கட்டும். சாரதியின் மார்புக்கும் சுக்கானுக்கும் இடையே பத்து அங்குலமாவது இருக்கட்டும்.

டாஷ்போட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிள்ளையாரைப் பற்றியும் பணிவோடு ஒரு சொல். பல கார்களில் இடப்பக்கத்துப் பை அந்த மூடியைத் திறந்துகொண்டுதான் வரும். மேலே எது இருந்தாலும் அது கல்லாய்ப் பறக்கும். விக்கினம் தீர்ப்பவரை விக்கினத்தின் வழியில் இருத்தலாமா? பை இல்லாத இடம் பார்த்து அவரை எழுந்தருளச் செய்வோம்.

பழைய ஜப்பானியக் கார் வாங்குவோர் இன்னொன்றும் கவனிக்க. தக்காட்டா என்னும் கம்பனியின் பைகளிற் சில, நெடுங்கால வெப்பத்தாலும் ஈரத்தாலும் மருந்து கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறி ஆட்களைக் கொன்றன. உலகெங்கும் கோடிக்கணக்கான பைகள் மீள அழைக்கப்பட்டன. 2017இற் கம்பனியும் முறிந்தது. வெயிலும் கடற்காற்றும் நம்மூரில் எவ்வளவு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, சேஸ் இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் விசாரித்தே வாங்குங்கள்.

முடிவாக, இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கத்து யாத்திரை வான் புறப்படுமுன் தேவாரம் பாடுகிறோம். பாடி முடிந்ததும் ஒவ்வொருவரும் பட்டியைக் கொளுவுவோம்; பெரியோருக்கு நாமே கொளுவிவிடுவோம். பெரியோர்களே, அப்போது எம்மைக் கடிந்துகொள்ளாதீர்கள். அது அதிகப்பிரசங்கித்தனமன்று, அன்பேயாம்.