மரங்களில் இறங்கும் வண்ணத்துப்பூச்சிகள்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்க விழாக்களில் மதிப்பெண்ணையும் வேலைவாய்ப்பையும் பற்றிப் பேசுவதே மரபு. அவற்றைப் பேச மேடையில் அறிஞர் பலர் உள்ளனர். நாம் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். சிரிக்க வேண்டாம், காரணம் உண்டு.

நம் தெருவுக்கும் ஏரிக்கும் இடையே நிற்கும் புங்க மரங்களை அனைவரும் அறிவீர்கள். ஐப்பசியில், மழை ஓய்ந்த மாலைகளில், அவற்றின் தாழ்ந்த கிளைகளில் சருகுக் கொத்துகள் தொங்குவதுபோல் தோன்றும். அருகே சென்று பார்த்தால் அவை சிறகுகளை மூடி உறங்கும் பூச்சிகள். காலை வெயில் பட்டதும் சிறகு விரித்து உடலைச் சூடேற்றிக்கொண்டு மேற்கு நோக்கிப் புறப்படும்.

நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்பன இவற்றுள் சில. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், சித்திரை வைகாசியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமழைக்குத் தப்பிக் கிழக்கே வருகின்றன. சமவெளியிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் பெருகி, புரட்டாசி ஐப்பசியில் மீண்டும் மேற்கே செல்கின்றன. ஏரிக்கரையில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியை இவை மொய்ப்பதைச் சிறுவர்கள் கண்டிருப்பர். அங்கே தேன் ஏது? மொய்ப்பவை பெரும்பாலும் ஆண் பூச்சிகள். செடியிலுள்ள ஒருவகை நச்சுப்பொருளை உறிஞ்சி, பெண் பூச்சியை ஈர்க்கும் மணப்பொருளாக்கிக் கொள்கின்றன. அந்த நச்சே பறவைகளிடமிருந்தும் அவற்றைக் காக்கிறது.

இவையெல்லாம் நாம் பிற்காலத்தில் கற்றவை. இச்சங்கம் தொடங்கிய ஆண்டில்தான் நாமும் ஆசிரியப் பணியில் சேர்ந்தோம். ஏழாம் வகுப்பில் நம் தெருச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, புங்க மரத்தில் இலைக்குப் பதில் பூச்சி தொங்குகிறது" என்றான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்து, "கதை விடாதே, பாடத்தைப் பார்" என்றோம். அதன்பின் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். வீட்டின் வறுமை பெருங்காரணம்தான். எனினும் நம் சொல்லுக்குப் பங்கில்லை என்று கூற நமக்கு நா எழவில்லை. இரண்டாண்டு கழித்து, மழைக்கு ஒதுங்கி மிதிவண்டியை அம்மரத்தடியில் நிறுத்தியபோதுதான் நாம் தலைநிமிர்ந்து பார்த்தோம்.

மெக்சிகோ நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். வட அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என்பதைக் கனடா நாட்டு விலங்கியலாளர் ஃபிரெட் உர்கர்ட் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேடினார். 1975 ஜனவரியில் கென் பிரக்கரும் கேத்தலீனா அகுவாடோவும் அவருக்காகத் தேடிச் சென்று, மெக்சிகோவின் மலைக்காட்டில் கோடிக்கணக்கில் மரங்களை மூடிய பூச்சிகளைக் கண்டனர். உலகம் அதனைக் கண்டுபிடிப்பு என்றது. அம்மலையடிவார மக்களோ, இறந்தோரை நினைக்கும் நாளையொட்டி வரும் அப்பூச்சிகளை முன்னோரின் ஆவிகள் என்று தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். அவர்கள் அறிந்தது ஆய்வேடுகளில் ஏறியிருக்கவில்லை.

மறு ஆண்டு உர்கர்ட் அங்கே சென்றபோது, சிறகில் ஒட்டுச்சீட்டு உள்ள ஒரு பூச்சி கிடைத்தது. அதை ஒட்டியவர்கள் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியரும் இரு மாணவரும். அவ்வாசிரியர் தம் மாணவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனவர். நாம் உட்காரச் சொன்னவர்.

நம் மாலைப் பள்ளியில் மூன்றாண்டுகளாக ஓர் ஏடு வைத்துள்ளோம். நாள், மரம், ஏறத்தாழ எத்தனை, பறந்த திசை, மழை உண்டா இல்லையா. இவ்வளவே அதில் எழுதப்படும். எழுதுபவன் ஏழாம் வகுப்பு மாணவன். அவன் தந்தை கொத்தனார். அன்று வகுப்பில் எழுந்து நின்ற சிறுவர் அவரே. இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் தனியே மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அன்று சபையில் சிரித்ததால் இன்று சபையிலும் கேட்கிறோம்.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஏட்டுடன் ஏரிக்கரை செல்கிறோம். இளைஞர்கள் வரவேண்டும். எந்த மரத்தில் முதலில் இறங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் முன்னே நடப்பார்.